தேய்வது வேறு, அரிப்பது வேறு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இயந்திரப் பராமரிப்புப் பணியில் 30 ஆண்டுகளுக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவன் நான். பொருள்கள் எவ்வாறு சிறிது சிறிதாகக் கெட்டுப்போகின்றன என்று பார்ப்பதே என் தொழிலாக இருந்ததால், அதைக் குறிக்கும் சொற்கள் நாளிதழில் வரும் இடங்களில் என் கண் தானாக நின்றுவிடும். அண்மைக் காலமாக, மெல்லக் குறைந்து அழிகிற எல்லாவற்றுக்கும் 'தேய்மானம்', 'அரிப்பு' என்ற இரண்டே சொற்கள் போதும் என்ற நிலைக்கு நம் செய்தி நடை வந்துவிட்டதைப் பார்க்கிறேன். எலும்புக்கும் தேய்மானம், நாணய மதிப்புக்கும் தேய்மானம். மண்ணுக்கும் அரிப்பு, கட்டடக் கம்பிக்கும் அரிப்பு, மக்களின் நம்பிக்கைக்கும் அரிப்பு. நடை வறண்டுபோவது ஒரு புறம் இருக்கட்டும். சொல் மாறும்போது காரணமும் மாறிவிடுகிறது, அதை நம்பிப் படிப்பவர் தவறான முடிவுக்குச் செல்கிறார் என்பதே என் கவலை. என் வீட்டிலேயே அது நடந்தது.

என் தாயாருக்கு 68 வயதானபோது, ஒரு மருத்துவமனையில் பரிசோதனை செய்துவிட்டு, 'எலும்புத் தேய்மானம்' என்று மட்டும் சொல்லி மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். அந்தச் சொல்லை அவர் எப்படிப் புரிந்துகொள்ள முடியுமோ அப்படியே புரிந்துகொண்டார். செருப்பு நடக்க நடக்கத் தேய்கிறது. அதுபோல எலும்பும் நடக்க நடக்கத் தேய்ந்திருக்கிறது. இனி நடையைக் குறைத்தால் மிச்சம் இருப்பதாவது நிலைக்கும். இப்படி எண்ணி ஏறத்தாழ ஓராண்டு வீட்டை விட்டு வெளியே வராமல் இருந்தார். அக்காலத்தில் தங்கள் இதழ் உள்ளிட்ட சில இதழ்களின் உடல்நலப் பக்கங்களில் வந்த கட்டுரைகளை எடுத்து வைத்துத் திரும்பத் திரும்பப் படித்தார். அவற்றிலும் அதே சொல்லே இருந்ததால் அவருடைய எண்ணம் உறுதிப்பட்டது. பின்னர் வேறொரு மருத்துவர் பொறுமையாக உட்கார்ந்து விளக்கிய பிறகுதான், அவருக்கு இருந்தது எலும்புப்புரை என்பதும், நடக்காமல் இருந்ததே எலும்பை மேலும் வலுவிழக்கச் செய்திருக்கும் என்பதும் எங்களுக்குத் தெரிந்தன.

இங்கே இரண்டு வெவ்வேறு நோய்கள் ஒரே பெயரில் ஒளிந்துகொள்கின்றன. முதலாவது மூட்டில் வருவது. எலும்புகளின் முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்பு மெலிந்து, சொரசொரப்பாகி, மூட்டு வலிக்கிறது. இரண்டாவது எலும்பின் உள்ளே வருவது. உயிருள்ள எலும்பில் பழைய பகுதியைக் கரைத்தெடுக்கும் உயிரணுக்களும் புதிய பகுதியைக் கட்டும் உயிரணுக்களும் வாழ்நாள் முழுவதும் வேலை செய்கின்றன. வயது ஏற ஏற, பெண்களுக்குச் சிறப்பாக மாதவிடாய் நின்ற பிறகு, எடுப்பது மிகுந்து கட்டுவது குறைகிறது. அப்போது எலும்பின் வெளித்தோற்றம் பெரிதாக மாறுவதில்லை. உள்ளே இருக்கும் துளைகள் பெரிதாகின்றன, அடர்த்தி குறைகிறது, சிறு தடுமாற்றத்தில் விழுந்தாலும் இடுப்போ மணிக்கட்டோ முறிகிறது. முறியும் வரை பெரும்பாலும் வலியும் இருப்பதில்லை. ஒன்றோடொன்று உராய்ந்து போனது எதுவும் இந்த இரண்டாவது நோயில் இல்லை. 'புரை' என்றால் துளை, உட்குழி. ஆகவே 'எலும்புப்புரை' என்ற சொல் நோயின் தன்மையை உள்ளபடியே காட்டுகிறது. அப்படி ஒரு சொல் கையில் இருக்கும்போது அதை விட்டுவிட்டு 'தேய்மானம்' என்று எழுதுவது எனக்கு விளங்கவில்லை.

முதலாவது நோயைக்கூட 'மூட்டுத் தேய்மானம்' என்று எழுதும்போது சற்று விளக்கம் தேவைப்படுகிறது. குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய்கள் கிடையாது. மூட்டை அசைத்து அழுத்தியும் தளர்த்தியும் வரும்போதுதான் அங்குள்ள திரவத்திலிருந்து அது தனக்கு வேண்டிய ஊட்டத்தைப் பெறுகிறது. உடற்பயிற்சியை இந்நோய்க்கான அடிப்படைச் சிகிச்சைகளுள் ஒன்றாகவே மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஆனால் 'தேய்மானம்' என்ற சொல், பயன்படுத்தப் பயன்படுத்தக் குறைகிற ஒரு பொருளையே மனக்கண் முன் நிறுத்துகிறது. நான் பார்த்த பேரிங்குகள் தம்மைத் தாமே புதுப்பித்துக்கொண்டதில்லை; உடம்பு அப்படிப்பட்டது அன்று.

இனிச் சொற்களுக்கு வருகிறேன். 'தேய்' என்ற வினைக்கு அடிப்படை உராய்வு. இரண்டு பொருள்கள் ஒன்றன்மேல் ஒன்று பட்டு நகர வேண்டும். நகரும்போது மேற்பரப்பு துகள் துகளாகக் கழிய வேண்டும். 'தேய்ந்தது' என்றால் தன்வினை, 'தேய்த்தது' என்றால் பிறவினை. தன்வினையில் சொல்லும்போது தேய்த்தவர் யார் என்ற கேள்வி எழுவதே இல்லை. படிக்கட்டு தேய்ந்தது, நாணயத்தின் எழுத்து தேய்ந்தது என்று சொல்லி நிறுத்திவிடலாம். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்ற பழமொழியை மிகைப்படுத்திய பேச்சு என்று கருதுபவர்கள் உண்டு. நான் அப்படிக் கருதுவதில்லை. இயந்திரத்தில் எண்ணெய் கசியாமல் இருக்கச் சுழலும் எஃகுத் தண்டைச் சுற்றி 'ஆயில் சீல்' என்ற ரப்பர் வளையத்தைப் போடுவோம். சில ஆண்டுகள் கழித்துக் கழற்றிப் பார்த்தால், கடினப்படுத்தப்பட்ட அந்த எஃகில், நகத்தால் தடவினால் தெரியும் அளவுக்கு ஒரு பள்ளம் விழுந்திருக்கும். மெத்தென்ற ரப்பரில் நுண்ணிய தூசி பதிந்துகொண்டு, ஒவ்வொரு சுற்றிலும் எஃகை உரசியிருக்கும். பழமொழியைச் சொன்னவர் எதையோ நன்றாகப் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறார்.

'அரி' அப்படிப்பட்டதன்று. அதற்கு எப்போதும் அரிக்கிற ஒன்று வேண்டும்: கறையான் அரித்தது, செல் அரித்தது, நீர் அரித்தது. 'அரிந்தான்' என்றால் கத்தியால் நறுக்கினான். 'அரித்தது' என்றால் சிறிது சிறிதாகத் தின்றது, எடுத்துக்கொண்டு போனது. கல் நீங்குவதற்காக அரிசியை நீரில் அலசிப் பிரிப்பதையும் 'அரித்தல்' என்றே சொல்கிறோம். நுண்ணியதை நீர் கொண்டுபோகிறது, கனமானது பின்தங்குகிறது. ஆறு தன் கரையில் செய்வதும் இதே வேலைதான். புவியியலில் பாறை இருந்த இடத்திலேயே வெயிலாலும் மழையாலும் உடைந்து நொறுங்குவதைச் சிதைவு என்றும், அவ்வாறு நொறுங்கியதை நீரோ காற்றோ பெயர்த்து வேறிடத்துக்குக் கொண்டுசெல்வதை அரிப்பு என்றும் பிரித்துச் சொல்வார்கள். பள்ளிப் பாடத்தில் படிக்கும் இந்தப் பிரிவினை செய்தியில் காணாமல் போகிறது. வெள்ளத்தில் ஆற்றங்கரை இடிந்து விழுந்ததைக்கூட 'கரை அரிப்பு' என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். அடியில் நீர் அரித்தது பல நாள் வேலை; மேலே கரை சரிந்தது ஒரு நொடி வேலை. முன்னதைக் கண்காணித்திருக்கலாம் என்பது தெரிய வேண்டுமானால் இரண்டையும் தனித்தனியே சொல்லியாக வேண்டும்.

'கடல் அரிப்பு' என்ற தொடரில் வேறொரு சிக்கல் இருக்கிறது. இலக்கணப்படி அது சரியான தொடர், அரிப்பது கடல்தான். ஆனால் கரையோரமாக அலை நீரோட்டத்தோடு மணல் ஓயாமல் நகர்ந்துகொண்டிருக்கிறது என்பதையும், கடலுக்குள் நீட்டிக் கட்டிய சுவர் ஒன்று அந்த மணலைத் தடுத்தால் ஒரு புறம் மணல் சேர்ந்து மறுபுறம் கரை குறையும் என்பதையும் அந்தத் தொடர் சொல்வதில்லை. பழியை முழுவதும் கடல்மேல் போட்டுவிடுகிறது. அத்தகைய இடங்களில் 'மணல் வரத்து நின்றதால் கரை குறைகிறது' என்று ஒரு வரி கூடுதலாக எழுதினால் போதும். சொல்லை மாற்ற வேண்டியதில்லை.

'கரை' என்ற வினை இவ்விரண்டிலிருந்தும் விலகி நிற்பது. கரைந்தது துகளாகக்கூட மிஞ்சாது, நீரோடு நீராகிவிடும். மழைநீர் காற்றிலுள்ள கரியமில வாயுவைச் சிறிது ஏற்று மென்மையான அமிலமாகிறது, சுண்ணாம்புப் பாறையை அது கரைத்துக் குகைகளை உண்டாக்குகிறது. ஆகவே சுண்ணாம்புப் பாறை கரைகிறது என்பதே வேதியியலின்படியும் சரி. அதே பாறையின்மீது ஆறு மணலை உருட்டிக்கொண்டு ஓடினால் அங்கே பாறை தேய்கிறது. சேமிப்பு கரைந்தது, கூட்டம் கரைந்தது என்று மக்கள் இயல்பாகச் சொல்வதையும் கவனிக்க வேண்டும். எங்கே போனது என்று காட்ட முடியாதபடி போனது என்ற பொருள் அதில் பிசகாமல் இருக்கிறது.

கட்டடச் செய்திகளில்தான் எனக்கு மிகுந்த வருத்தம். கூரையின் காரை பெயர்ந்து விழுந்ததற்கு, 'உள்ளே இருந்த கம்பிகள் தேய்ந்துபோனதே காரணம்' என்று எழுதியிருந்த செய்தி ஒன்றைப் படித்தேன். நடந்தது நேர் எதிரானது. இரும்பு, நீரும் ஆக்சிஜனும் சேரும்போது துருவாகிறது; அந்தத் துருவின் பருமன், துருவாக மாறிய இரும்பின் பருமனைவிட இரண்டு மடங்குக்கும் மேல். கம்பி உள்ளிருந்து வீங்கிக் கான்கிரீட்டைப் பிளக்கிறது. எடையும் கூடுகிறது, ஏனென்றால் ஆக்சிஜன் அதில் வந்து சேர்ந்திருக்கிறது. இரும்பில் துரு 'பிடிக்கிறது', துரு 'ஏறுகிறது' என்றும், செம்பில் களிம்பு 'ஏறுகிறது' என்றும் நம் மக்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். ஏதோ ஒன்று வந்து சேர்கிறது என்பதை அந்த வினைச்சொற்கள் அப்படியே வைத்திருக்கின்றன. இத்தனை துல்லியமான வழக்கை விட்டு விலகிக் 'கம்பி தேய்ந்தது' என்று எழுத எந்தத் தேவையும் இல்லை. பொதுப்பெயர் வேண்டுமானால் உலோகங்களுக்கு 'அரிமானம்' என்ற பாடநூல் சொல் இருக்கவே இருக்கிறது.

மற்றச் சொற்களை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். துணி நைகிறது. கயிறும் தகடும் இற்றுப்போகின்றன. பார்வைக்கு இருந்தபடியே இருக்கும், பாரம் தாங்காது. மரம் உளுத்துப்போகிறது, வண்டு உள்ளே துளைப்பதால். கூர்மை மழுங்குகிறது, சாயம் வெளுக்கிறது, பூச்சு உதிர்கிறது, இலைதழை மட்குகிறது, உயிரினம் அருகுகிறது. கிணறு தூர்ந்துபோகிறது, இதுவும் மெல்ல நிகழும் அழிவுதான், ஆனால் மண் சேர்ந்து சேர்ந்து ஏற்படும் அழிவு. இவற்றுள் எதுவும் அகராதியில் மட்டும் கிடக்கும் சொல் அன்று. பேச்சில் எல்லாரும் பிழையின்றிப் பயன்படுத்துகிறோம். பேனாவை எடுத்தவுடன் ஏன் மறந்துபோகின்றன என்பதே கேள்வி.

பழம்புலவர்கள் இந்த வேறுபாடுகளை எவ்வளவு கவனமாகக் காத்தார்கள் என்பதற்குச் சில சான்றுகள் தர விரும்புகிறேன். உட்பகை கொண்ட குடியைப் பற்றிய 888ஆம் குறளில் 'அரம்பொருத பொன்போலத் தேயும்' என்கிறார் வள்ளுவர். கருவி அரம், ஆகவே வினை தேய்தல். கடுஞ்சொல்லையும் வரம்பு மீறிய தண்டனையையும் பற்றிய 567ஆம் குறளிலும் அரமும் 'தேய்க்கும்' என்ற வினையும் சேர்ந்தே வருகின்றன. ஆனால் வாழ்நாளைப் பற்றிச் சொல்லும் 334ஆம் குறளில், நாள் என்பது உயிரை 'ஈரும் வாள்' ஆகிறது. வாளுக்கு ஈர்தல், அரத்துக்குத் தேய்த்தல். கருவி மாறியதும் வினையும் மாறிவிட்டது. காதலர் பிரிந்து சென்ற நாள்களைச் சுவரில் குறித்த கோடுகளைத் தொட்டுத் தொட்டு எண்ணியதால் 'தேய்ந்த விரல்' என்று 1261ஆம் குறள் சொல்வதிலும் உராய்வு இருக்கிறது. அந்தப் பெண்ணின் காத்திருப்பு விரல் நுனியில் தெரிகிறது.

குறுந்தொகையின் 290ஆம் பாடல் இதைவிட நுட்பமானது. பெருநீரில் கல்லில் மோதும் சிறு நுரையைப் போல 'மெல்ல மெல்ல இல்லாகுதுமே' என்கிறாள் தலைவி. கல்லோடு மோதுகிறது என்றாலும், நுரை தேய்கிறது என்று அந்தப் புலவர் சொல்லவில்லை. நுரை தேயாது, குமிழி குமிழியாக இல்லாமல் போகும். அதற்கென ஒரு வினையைத் தேடாமல், 'இல்லாகுதும்' என்று நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டார். அவருடைய இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. அந்த உவமையாலேயே கல்பொரு சிறுநுரையார் என்று பெயர் பெற்றார். நற்றிணை 284ஆம் பாடலைப் பாடியவரும் அவ்வாறே தேய்புரிப் பழங்கயிற்றினார். இரண்டு களிறுகள் எதிரெதிரே பற்றி இழுக்கும் பழங்கயிற்றை உவமை சொல்லும்போது, தேய்ந்தது கயிற்றின் புரி என்கிறார். பிறகே, அந்தக் கயிற்றைப் போலத் தன் உடம்பும் அழியுமோ என்ற பொருளில் 'வீவதுகொல்' என்று தலைவனைக் கேட்கவைக்கிறார். முதலில் புரி தேயும், பின்னர் கயிறு அறும். பாரந்தூக்கியின் எஃகுக் கயிற்றைச் சோதிக்கும்போது நாங்கள் அறுந்த இழைகளை எண்ணுவதும், கயிற்றின் விட்டம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அளப்பதும் இதே வரிசையைப் பார்ப்பதற்குத்தான். இந்தப் பாடலை முதன்முதலாகப் படித்த நாளில், அந்தப் புலவர் என் தொழிலைச் சேர்ந்தவர் என்று எனக்குத் தோன்றியது.

பொருளியல் செய்திகளைப் பற்றியும் ஒரு சொல். கணக்கியலில் 'தேய்மானம்' என்பது நிலைபெற்றுவிட்ட கலைச்சொல். ஓடாமல் நின்ற இயந்திரத்துக்கும், புதிய வகை வந்ததால் மதிப்பிழந்த கருவிக்கும் அதைக் கணக்கிடுகிறார்கள். அதை மாற்றச் சொல்லவில்லை. ஆனால் ஒரு நாட்டின் நாணயம் சந்தையில் மதிப்புக் குறைவதையும் 'தேய்மானம்' என்று எழுதுவது, ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'டிப்ரிசியேஷன்' என்ற ஒரே சொல் இருப்பதால் வந்த குழப்பம். தமிழில் அதற்குச் சரிவு என்ற சொல் உண்டு. அரசே முடிவெடுத்துக் குறைத்தால் அது மதிப்புக் குறைப்பு. யார் செய்தது என்பது அங்கே முக்கியம்.

தலையங்கங்களிலும் இதையே கேட்டுக்கொள்கிறேன். உரிமைகள் 'தேய்ந்துவிட்டன' என்றால், காலப்போக்கில் தாமாகக் குறைந்தன என்ற எண்ணம் வருகிறது. 'அரிக்கப்பட்டன' என்றால், அரித்தவர் யார் என்று வாசகர் கேட்பார். ஒரு மொழி தேய்கிறது என்று எழுதும்போதும், அதைப் பேசியவர்கள் தம் பிள்ளைகளிடம் வேறு மொழி பேசத் தொடங்கினார்கள் என்ற செய்தி மறைந்துவிடுகிறது. எழுதுபவர் எதைச் சொல்ல வருகிறார் என்பதை அவரே தேர்ந்துகொள்ளட்டும். ஆனால் தெரிந்து தேர வேண்டும். பலர் கை பட்டுப் பொருளிழந்த தொடரை இன்று 'தேய்வழக்கு' என்கிறோம். 'புரையோடிய ஊழல்' என்பது முதலில் எழுதப்பட்ட நாளில் எவ்வளவு வலிமையாக இருந்திருக்கும்! உள்ளே துளை விழுந்து, வெளியே ஆறியதுபோல் தோன்றும் புண்ணை நேரில் பார்த்தவர் ஒருவர்தான் அதை எழுதியிருக்க முடியும்.

தங்கள் இதழின் உடல்நலப் பக்கத்தை என் தாயார் இன்றும் மற்றப் பக்கங்களுக்கு முன் படிக்கிறார்; காலையில் அரை மணி நேரம் நடந்துவிட்டு வந்து படிக்கிறார். அப்பக்கத்தில் அடுத்து எலும்பு பற்றிய கட்டுரை வரும்போது, அது குருத்தெலும்பைப் பற்றியதா, எலும்புப்புரையைப் பற்றியதா என்பதைத் தலைப்பிலேயே தெரிவித்துவிடுமாறும், எந்த நோய்க்கு எத்தகைய நடையும் பயிற்சியும் ஏற்றவை என்பதை மருத்துவரைக் கொண்டு முதல் பத்தியிலேயே சொல்லவைக்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகன்